வைத்துக் கொடுத்த புத்தகம்

என் முதல் நாவல் வீட்டுக்கு வந்த அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆறு அட்டைப்பெட்டிகளையும் மூன்றாவது மாடிக்குச் சுமந்து வந்த டெலிவரிக்காரர், கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு, "இன்னா மேடம் உள்ள, டைல்ஸா?" என்று கேட்டார்.

"புத்தகம்."

"அத்தினியும் நீயே படிக்கப் போறியா?"

இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்போது நான் சிரித்தேன். அடுத்த சில மாதங்களில் அந்தக் கேள்வியை நினைத்து நினைத்து எரிச்சல்பட்டேன்.

பெட்டிகள் கடைக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் என் பதிப்பாளர். நல்ல மனிதர், ஆனால் ஒளிவுமறைவு தெரியாதவர். "அச்சடிக்கறது என் வேலை மேடம், ஆள் பிடிக்கறது உங்க வேலை. இப்ப எல்லாருக்குமே அப்படித்தான்" என்று போனில் சொல்லிவிட்டார். நான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. முப்பது வருஷமாகப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே என் கையில் பரீட்சை இருந்தது. நாவலிலிருந்து கேள்வி வரும் என்று யாரையும் மிரட்ட முடியாது.

நாவல் வேளச்சேரியில் நடப்பது. அபிராமபுரத்துக்கு வருவதற்கு முன் நாங்கள் அங்கேதான் வாடகைக்கு இருந்தோம். ஒரு பெருமழையில் கீழே இடுப்பளவு தண்ணீர் நிற்க, கீழ்வீட்டுக்காரர்களெல்லாம் மேலே ஏறி வந்து ஆறு குடும்பங்கள் மூன்றாவது மாடியில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டோம். ஆளுக்கு ஆள் சண்டை போட்டு, பிறகு ஒரே குக்கரில் சோறு பொங்கிச் சாப்பிட்ட கதையைத்தான் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதியிருந்தேன். சிரிப்புக் கதை என்றுதான் நானே நினைத்திருந்தேன்.

அடுத்த நாவலும் அறுபது பக்கம் எழுதி அலமாரி இழுப்பறையில் இருந்தது. பெட்டிகளைப் பார்த்ததும் எனக்குத் திடீரென்று ரோஷம் வந்தது. கணவரிடம் சொன்னேன்: "சொந்தம், சிநேகிதம், என்கிட்டப் படிச்ச பிள்ளைங்க, இந்த மூணிலேயும் சேராத ஒரு ஆள் இதைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாங்கன்னு எனக்குத் தெரியணும். அது வரைக்கும் அந்த இழுப்பறையைத் திறக்க மாட்டேன்."

"ஒரு ஆள்தானே? இவ்வளவு பெரிய ஊர்ல கிடைக்காமலா போயிடும்?" என்றார் அவர். அன்றே ஒரு பிரதியை எடுத்துப் படிக்கத் தொடங்கி, முப்பத்தோராம் பக்கத்தில் கரண்ட் பில்லை அடையாளமாக வைத்துவிட்டுத் தூங்கினார். அந்த பில் அதற்குப் பிறகு நகரவே இல்லை. அவர் எப்படியும் கணக்கில் சேர்த்தி இல்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அட்டைப்படத்தைப் போட்டேன். கட்டைவிரல்கள் வந்தன, கூப்பிய கைகள் வந்தன, யாரோ கேக் படம்கூடப் போட்டார்கள். ஒரு சித்தப்பா மட்டும் "ஆழமான படைப்பு" என்று எழுதியிருந்தார். அப்போது ஒரு பிரதிகூட வீட்டை விட்டு வெளியே போயிருக்கவில்லை.

பிறகு மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கத்தில் வெளியீட்டு விழா. சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசினார். அதில் பெரும்பங்கு அவர் எழுதிய புத்தகங்களைப் பற்றி. என் பங்குக்கு, அட்டையில் தண்ணீரின் நீலம் அருமையாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டு நாவலின் பெயரைத் தப்பாகச் சொல்லி முடித்தார். ரவா கேசரியும் மிளகாய் பஜ்ஜியும்தான் அன்றைக்கு உண்மையாகவே எல்லாரையும் கவர்ந்தவை. முன்வரிசையில் ஒருவர் பஜ்ஜியின் எண்ணெயை அழைப்பிதழில் ஒற்றி ஒற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்லவேளை, புத்தகத்தைக் கிழிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சிக்னலில் நிற்கும் நேரத்தில் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கையில் ஒரு புத்தகம் அகப்பட்டால் புரட்டாமலா இருப்பார்கள்? அன்றைக்கு இறங்கும்போது ஒரு பிரதியை சீட்டிலேயே விட்டுவிட்டு, திருட்டுத்தனம் செய்தவள் மாதிரி விறுவிறுவென்று மாடி ஏறிவிட்டேன். பத்து நிமிஷத்தில் காலிங் பெல். ஆட்டோக்காரர் மூச்சு வாங்க நின்றார்.

"இன்னாம்மா நீ, பொஸ்தகத்த வுட்டுட்டு பூட்ட! மந்தவெளி வரிக்கும் போய்ட்டு திரும்பி வந்துகினேன்."

அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் மறுபடி விட்டேன். என் நேரம், அதே ஆட்டோ. இந்த முறை நான் இறங்குவதற்கு முன்பே அவர் திரும்பிப் பார்த்தார்.

"தோ கீது பாரு பொஸ்தகம்! இன்னாம்மா இப்டி மறக்குற? டாக்டராண்ட காட்டு."

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். நான்தான் எழுதினேன், வேண்டுமென்றுதான் விட்டேன், ஏறுகிறவர்கள் யாராவது படிக்கட்டும் என்று. அவர் புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் இருந்த என் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? குடு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம். பத்து நாள் கழித்து அவர் வண்டியிலேயே ஏறினேன். முன் கண்ணாடிக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், என் நாவல் ஒரு முழம் மல்லிகைப்பூவோடு நின்றுகொண்டிருந்தது.

"படிப்பு விசயமாச்சேம்மா. சீட்ல வெச்சா கால் படும்."

அவ்வளவு மரியாதையோடு சொன்னவரிடம், தயவுசெய்து அதைக் கீழே இறக்குங்கள் என்று எப்படிச் சொல்வது? நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு தி.நகர். என் அண்ணன் அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். தீபாவளிக் கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன் ஒரு பெட்டியை அங்கே கொண்டு போனேன். பட்டுச்சேலை எடுப்பவர்களுக்கு ஒரு புத்தகம் இலவசம் என்று பில் போடும் இடத்தில் அண்ணன் அடுக்கி வைத்தார். நான் ரவிக்கைத் துணிப் பிரிவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் வேடிக்கை பார்த்தேன். மூன்று சேலை எடுத்த ஒரு அம்மாள் புத்தகத்தைத் தொடாமலேயே நகர்த்தினார்.

"இது எதுக்குங்க? இதுக்குப் பதிலா ஒரு கட்டைப்பை கூடக் கொடுத்துருங்க."

"எடுத்துக்கிடுங்கம்மா. எந்தங்கச்சி எழுதினதாக்கும்" என்றார் அண்ணன்.

"உங்க தங்கச்சி நல்லா இருக்கட்டும். பை பெரிசாக் கொடுங்க."

அன்றைக்கு மட்டும் அந்த உரையாடல் வெவ்வேறு வாய்களில் ஏழெட்டு முறை நடந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வரவழைத்தார். "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நம்ம கடையில நூறு சேலையப் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு ஒண்ணுகூட எடுக்காமப் போவாங்க. நான் என்ன அழுதுக்கிட்டா இருக்கேன்?"

"உங்க சேலையைப் பிரிச்சாவது பார்க்கிறாங்களே அண்ணே" என்றேன். அவர் டீயோடு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

இந்தப் புலம்பலையெல்லாம் பொறுமையாகக் கேட்டவர் எங்கள் எதிர்வீட்டு மாமி. அறுபது வயது தாண்டியவர், வீட்டிலேயே பாட்டு வகுப்பு எடுப்பவர், வருஷா வருஷம் ஏழு படி கொலு வைப்பவர். கொலு பார்க்க வரும் பெண்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு பழம், அதோடு ஒரு சின்னப் பரிசும் கொடுத்து அனுப்பவேண்டும். மாமி அதை "வெச்சுக் குடுக்கறது" என்பார். அந்தப் பரிசு பெரும்பாலும் பிளவுஸ் பிட்டாக இருக்கும்.

"இந்த வருஷம் பிளவுஸ் பிட் வாங்கப் போறதில்லை" என்றார் மாமி. "ஒருத்தர் குடுத்ததையே இன்னொருத்தருக்குக் குடுத்துண்டு எத்தனை வருஷம் ஓட்டறது? போன வருஷம் நான் குடுத்த பச்சை பிட் நாலு ஆத்தைச் சுத்திட்டு எனக்கே வந்தது. உன் புஸ்தகத்தை வெச்சுக் குடுக்கறேன். நாற்பது கொண்டு வா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பதிலும் முதல் தாளில், நாவலின் பெயருக்குக் கீழே, "அன்புடன்" என்று கையெழுத்துப் போட்டேன். புதிதாக ஒன்றைக் கொடுக்கும்போது மஞ்சள் தடவாமல் கொடுக்கக் கூடாது என்று மாமி சொன்னார். அதனால் அந்தத் தாளின் நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சளை வைத்தேன். மஞ்சள் காகிதத்தில் ஊறி அடுத்த தாளுக்கும் போகும் என்பது ஒரு வேதியியல் ஆசிரியைக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நாற்பதும் போயின. சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாள் மாமி உற்சாகமாக வந்தார். "நேத்து நான் போன ஆத்துலெல்லாம் பார்த்துட்டேன். நாலு இடத்துல உன் புஸ்தகம் சரஸ்வதி காலடியில இருந்தது! சந்தனம் குங்குமமெல்லாம் இட்டிருந்தா!"

சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டுப் படிக்காமல் இருப்பதுதான் வழக்கம். விஜயதசமியன்று எடுத்து ஒரு வரியாவது படிக்க வேண்டும். அந்த நாலு வீட்டிலும் ஒரு வரி படித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்த்திகை போயிற்று, பொங்கல் போயிற்று, கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தது. மிச்சமிருந்த பெட்டிகளின் மேல் கணவர் ஒரு போர்வையை விரித்து இஸ்திரி போடத் தொடங்கினார். உயரம் சரியாக இருக்கிறது என்று வேறு சொன்னார்.

வெளியில் நான் இதையெல்லாம் சிரிப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் வலித்தது. எழுதும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்த ஒன்று, யாருக்கும் வேண்டாத சாமானாக வீட்டில் நிற்பதைத் தினமும் பார்ப்பது சுலபமில்லை. இழுப்பறைப் பக்கம் போகவே இல்லை. இரண்டாவது நாவலில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தார்கள் என்பதுகூட மறந்து போயிற்று.

அடுத்த நவராத்திரி வந்தது. ஆறாம் நாள் சாயங்காலம் மாமி என்னை வலுக்கட்டாயமாகக் கிளப்பி, மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருக்கே அந்தக் குடும்பம் புதுப் பழக்கம். எனக்கு யாரையும் தெரியாது. வீட்டுக்கார அம்மாள் பட்டாணிச் சுண்டல் கொடுத்தார், மாமி ஒரு பாட்டுப் பாடினார், நான் பொம்மைகளைப் பார்த்துத் தலையாட்டினேன். கிளம்பும்போது ஆளுக்கொரு துணிப்பை வைத்துக் கொடுத்தார்கள். "உள்ள இருக்கறதைப் பிரிச்சுப் பாருங்கோ, நன்னா இருக்கும்" என்று அந்த அம்மாள் என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஆட்டோவில் ஏறியதும் பையில் கைவிட்டேன். வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் கீழே, என் நாவல்.

பின்னட்டையில் என் முகம். தலையில் ஒரு நரைகூட இல்லாத காலத்துப் படம் என்பதால் அந்த அம்மாளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் மாமியும் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "பச்சை பிட் மாதிரியே வந்துடுத்து பாரு!" என்று மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரித்தபடியே அட்டையைத் திருப்பினேன். முதல் தாள் இல்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளை யாரோ பிளேடு வைத்து, ஒரு பிசிறு இல்லாமல் வெட்டி எடுத்திருந்தார்கள். அதற்கு அடுத்த தாளின் நான்கு மூலையிலும் என் மஞ்சள் ஊறியிருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. "என் கையெழுத்தை வெட்டிட்டாங்க மாமி" என்றேன்.

மாமி வாங்கிப் பார்த்தார். "உன்னை வெட்டலை. கையெழுத்து இருந்தா, வேற யாரோ குடுத்ததுன்னு தெரிஞ்சுடுமோன்னோ? புடவைல கடை ஸ்டிக்கரை எடுக்கற மாதிரிதான்" என்றார். சரிதான். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் வீடு வருவதற்குள், இனிமேல் எழுதுவதில்லை என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் சொல்லிக் கொடுத்தால் போதும், அதையாவது பரீட்சைக்குப் பயந்து படிப்பார்கள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை இஸ்திரி மேடைமேல் போட்டேன். அது மூடாமல் தானாகவே விரிந்து கிடந்தது. புதுப் புத்தகம் அப்படி விரியாது. எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் உப்பியிருந்தது, சில பக்கங்கள் மூலை மடிந்திருந்தன, ஓரிடத்தில் எண்ணெய்க் கறை. இருபத்திரண்டாம் பக்கத்து ஓரத்தில், உருண்டையான எழுத்தில், பென்சிலில் எழுதியிருந்தது:

"கேஸ் பதினெட்டாம் பக்கத்திலேயே தீர்ந்துவிட்டதே. பஜ்ஜி எதில் போட்டாள்?"

அதற்குக் கீழே, சாய்ந்த எழுத்தில், நீல மையில் இன்னொருவர்: "இண்டக்ஷன் அடுப்பாக இருக்கும்."

அதற்கும் கீழே மூன்றாவதாக ஒருவர்: "கரண்டும்தான் இல்லையே!"

நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். அந்த ஒரு வருஷத்தில் புத்தகம் வரலட்சுமி விரதத்துக்கும் வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் போய், வீடு வீடாக வெற்றிலைப் பாக்கோடு கைமாறியிருக்கிறது. போன இடங்களில் சிலர் படித்திருக்கிறார்கள். படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "எங்கள் வேளச்சேரி பிளாட்டுக்குள் பாம்புகூட வந்தது, இதில் வரவில்லை" என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். இரண்டு வருஷமாகப் பேசாத இரண்டு பெண்கள் ஒரே மெழுகுவர்த்தியின் கீழே உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை. பத்தி முழுக்க அடிக்கோடு மட்டும் இருந்தது. அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன்.

நாற்பதாம் பக்கத்தில், தரைத்தளத்து வீட்டுக்காரர் குழந்தைக்குப் பால் வாங்கிவர மீட்புப் படகில் ஏறிப் போகிறார். அங்கே உருண்டை எழுத்து "ஜாக்கிரதை" என்று எழுதியிருந்தது. எழுபதாம் பக்கத்தில் அதே எழுத்து: "பால் வாங்கப் போனவர் இன்னும் வரவில்லை." நூறாம் பக்கத்துக்குப் பக்கத்தில் சாய்ந்த எழுத்து: "எனக்கும் அதே கவலை." நூற்று முப்பதில் மூன்றாமவர்: "தண்ணீர் வடிந்துவிட்டது, இனி வந்துவிடுவார்."

எனக்குக் காது சூடாயிற்று. அவரை நான் மறந்தே போயிருந்தேன். படகில் ஏற்றி அனுப்பியதோடு சரி. பிழை திருத்தியவர் கண்டுபிடிக்கவில்லை, பதிப்பாளர் கண்டுபிடிக்கவில்லை, சிறப்பு விருந்தினரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடைசிப் பக்கத்துக்கு ஓடினேன். கதை முடிந்து பாதிப் பக்கம் காலியாக இருந்த இடத்தில் மூன்று கையெழுத்தும் இருந்தன.

"கடைசி வரைக்கும் வரவே இல்லையே!"

"அவர் மனைவி எப்படி நிம்மதியாகச் சிரிக்கிறாள்?"

"யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கோ."

ஒரு ஆள் கேட்டேன். மூன்று பேர் வந்திருந்தார்கள். மூன்று பேரும் கடைசிப் பக்கம் வரை வந்து, அங்கேயே காத்திருந்தார்கள். நான் சத்தமாக அழுதேன், அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. கணவர் அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"பால் வாங்கப் போனவர் திரும்பி வரலை."

"யாரு அது?"

"நாற்பதாம் பக்கம். உங்க கரண்ட் பில்லுக்கு ஒன்பது பக்கம் தள்ளி."

அவர் தன் பிரதியைத் தேடப் போனார்.

அந்த மூன்று பேர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. வைத்துக் கொடுத்தது எங்கிருந்து வந்தது என்று கேட்பது முறையில்லை. கேட்டால் அந்த வீட்டுக்கார அம்மாளுக்கு வெட்கமாகிவிடும். ஒரு பென்சிலைச் சீவி, அவர்களுடைய கேள்விக்குக் கீழே எழுதினேன்: "மன்னியுங்கள், என் தப்புதான். அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்." கீழே கையெழுத்தும் போட்டேன். அந்தப் பக்கத்தை வெட்ட யாருக்கும் மனசு வராது.

மறுநாள் காலையில் புத்தகத்தை மாமியிடம் கொடுத்து, அன்று சாயங்காலம் கொலுவுக்கு வருகிறவர்களில் யாருக்காவது வைத்துக் கொடுக்கச் சொன்னேன்.

"இதை நீயே வெச்சுக்கப்படாதோ? எவ்வளவு எழுதியிருக்கா!" என்றார் மாமி.

"வேண்டாம் மாமி. அது சுத்திக்கிட்டே இருக்கட்டும். பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க."

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். ஒரு வருஷமாகத் திறக்காததால் இறுகியிருந்தது, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. பழைய அறுபது பக்கங்களை எடுத்து ஓரமாக வைத்தேன். யாருக்கும் கல்யாணம் ஆகாமலேயே அவர்கள் கொஞ்ச நாள் இருக்கட்டும். புதுத் தாளை எடுத்து முதல் வரியை எழுதினேன்: "பால் பூத் மூடியிருந்தது."